கூரை மேல் நான் கட்டிய குளம்

போன வாரம் எங்கள் வீட்டுக்கு மேலே ஒரு குளம் கட்டினேன். நாவிதன்வெளி வயல்காரர்கள் கேள்விப்பட்டிருந்தால் வாய்க்கால் வெட்டிக்கொண்டு வந்திருப்பார்கள்.

எங்கள் வீடு என்று சொல்வதே பிழைதான். எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை ஒரு பேக்கோடு வந்து சேருவார். நான் இந்தச் சாய்ந்தமருது வீட்டுக்கு அப்படி வந்து இருபத்தாறு வருசம். மனைவி றஹீமாவுக்கு அவளுடைய வாப்பா கட்டிக் கொடுத்த வீடு. ஓட்டுக்குப் பதிலாக மேலே தட்டையாகக் கொங்கிரீட் பிளேட், தடித்த சுவர், கடல் காற்று அரித்த ஜன்னல்.

இப்போது மகள் நஸ்ரினுக்குச் சம்மந்தம் வந்திருக்கிறது. மருதமுனையில் தறி வைத்திருக்கும் குடும்பம். பையன் தங்கம், மகளுக்கும் பிடித்துவிட்டது. ஆனால் சம்மந்தம் பேச வருகிறவர்கள் பெண்ணை மட்டுமா பார்ப்பார்கள்? தங்கள் பிள்ளை வந்து வாழப்போகிற வீட்டையும் பார்ப்பார்களே... அதுவும் இந்த மாரி மழையில் வருவதாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

வருகிறவர்கள் உட்காரும் எங்கள் ஹோலின் நடுவில், கூரையில் ஒரு ஒழுக்கு உண்டு. அதற்குக் கீழே ஒரு நீலப் பேசின். மழை தொடங்கினால் பேசின் வரும், முடிந்தால் போகும். வீட்டில் அதுவும் ஒரு ஆள் மாதிரி. சம்மந்தி வரும்போது அந்த ஆள் ஹோலில் இருக்கக் கூடாது — அவ்வளவுதான் என் கவலை.

ஹாட்வெயார் கடைக்குப் போனேன்.

"இதப் பூசினா கடலையே உள்ள விடாது காக்கா" என்று கடைக்காரர் ஒரு டின்னைத் தூக்கி வைத்தார். டின்னில் எல்லாம் இங்கிலீஷ். இங்கிலீஷுக்கும் எனக்கும் பள்ளிக்கூடத்திலிருந்தே பேச்சுவார்த்தை இல்லை. ஆனால் குடைக்குக் கீழே ஒருவன் சிரிக்கிற படம் இருந்தது. அது விளங்கியது.

ஒரு மழைக்கும் அடுத்த மழைக்கும் நடுவில் ஏறிப் பூசினேன். முடிக்கும்போது பார்த்தால், மூலையில் கட்டைச் சுவரோடு ஒட்டி ஒரு துவாரம். அட, இத்தனை வருசம் தண்ணீர் உள்ளே வந்தது இதனால்தானா? உடுத்துக் கழித்த பழைய சாரம் ஒன்றைக் கிழித்து அடைத்து, மிச்சக் கெமிக்கலை அதன் மேல் ஊற்றிவிட்டு இறங்கினேன்.

அன்று பெய்த மழையில் ஹோலில் ஒரு சொட்டு இல்லை. றஹீமா பேசினை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள். என்னைப் பார்த்த பார்வையில் கல்யாணம் முடித்த புதுசு தெரிந்தது. அந்தச் சந்தோசம் சரியாக இரண்டு நாள்.

மூன்றாம் நாள் சம்மந்தி வீட்டார் வந்தார்கள், மழையையும் கூட்டிக்கொண்டு. மாப்பிள்ளையின் உம்மா உட்கார்ந்தார். நஸ்ரின் வட்டிலப்பம் கொண்டுவந்து வைத்தாள். 'சொட்' என்று அதன் நடுவில் ஒன்று விழுந்தது. எல்லோரும் மேலே பார்த்தோம். அடுத்தது மாப்பிள்ளையின் வாப்பாவின் தொப்பியில். பிறகு கதவடியில், மேசையில், என் மூக்கில். பேசின், வாளி, சோற்றுப்பானை என்று சட்டிபானை எல்லாம் ஹோலுக்கு வந்துவிட்டன. நஸ்ரினின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியமில்லை.

மாப்பிள்ளையின் வாப்பா எழுந்து சாரத்தை மடித்துக் கட்டினார்.

"மச்சான், ஏணி இரிக்கா?"

இரண்டு பேரும் ஏறினோம். மேலே கணுக்காலுக்கு மேல் தண்ணீர். மனிதர் ஒரு பக்கமும் பார்க்காமல் நேரே அந்த மூலைக்குப் போனார்.

"இஞ்சதானே அடைச்ச?"

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

அவர் கீழே ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நானும் அடைச்சன் மச்சான், எங்கட ஊட்டுல. அவவுக்கு இன்னமும் தெரியா. நீங்க சொல்லிராதீங்க."

சாரத் துண்டை உருவினோம். குளம் மடமடவென்று ஓடிப்போனது. நனைந்த கோழிகளாக இறங்கி வந்தோம். மாப்பிள்ளையின் உம்மா தலை துவட்டத் துவாயோடு நின்றார்.

"தண்ணி போற ஓட்டயத்தானே அடைச்சிருந்தாரு?" என்று றஹீமாவிடம் கேட்டார். "எங்கட ஆளும் அதத்தான் செஞ்சாரு மதினி. நான் அடுத்த நாளே ஏறி எடுத்துட்டன். அவரு இன்னும் அது அடைச்சிதான் கிடக்கெண்டு நெனச்சிட்டிரிக்காரு."

மாப்பிள்ளையின் வாப்பா துவாயால் முகத்தை மூடிக்கொண்டார்.

"இவருக்கு அப்பிடி ஒரு ஓட்ட இரிக்கிறதே தெரியா மதினி" என்றாள் றஹீமா. "ஒவ்வொரு மாரிக்கும் முதல் நான்தான் ஏறி அதுக்குள்ள கிடக்கிற இலயெல்லாம் எடுக்கிற. இவரு அந்நேரம் படுத்திரிப்பாரு. ஹோலுல ஒழுகுறது இவரு கிரிக்கெட் பாக்க அன்டெனாக்குத் தொளச்ச தொள."

வருசக்கணக்காகப் பேசின் வைக்கிறவளிடம் "எங்கேயிருந்து ஒழுகுது?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் இந்த வீட்டு மாப்பிள்ளை என்ற என் கெத்து என்ன ஆகிறது? நமக்குக் கூரையை விட அதுதானே முக்கியம்.

நஸ்ரின் டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "வாப்பா, நல்லாக் காஞ்ச பிறகுதான் பூசணும் எண்டு போட்டிரிக்கி." அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

மாப்பிள்ளையின் உம்மா சுவரில் கையை வைத்து அமர்த்திப் பார்த்தார். "நல்ல செவரு மதினி. ஒழுக்குக்கு வேல செய்யலாம். நல்ல மனிசர்தான் கிடைக்கிற கஷ்டம். நிக்காஹ வெயில் காலத்துல வைப்பம்."

கொத்து வேலை செய்யும் மேசன் பாஸ் அடுத்த நாள் வந்து பார்த்தார். நான் பூசியது முழுக்கக் கொப்புளம் போட்டிருந்தது. ஈரத்தை உள்ளே வைத்து மூடிவிட்டேனாம். வெயில் வந்ததும் எல்லாவற்றையும் சுரண்டி, துருப்பிடித்த கம்பியைத் துப்புரவாக்கி, அன்டெனாத் துளையை அடைத்து, துவாரத்தின் பக்கம் சரிவு வைத்துப் பூசித் தருகிறேன் என்றார். என்னை மேலே ஏறவேண்டாம் என்றும் சொன்னார்.

றஹீமா ஒன்று முடிவு பண்ணிவிட்டாள். மாப்பிள்ளை பேக்கோடு வந்து சேரும் நாளில் அறையைப் பிறகு காட்டலாம். முதலில் அந்தத் துவாரத்தைத்தான் காட்டுவாளாம்.