சிவப்பில் வந்த சென்னை வண்டி

பக்கத்துக் கொட்டகையில் விசைத்தறிகள் 'டக்கடி டக்கடி' என்று அடிக்கத் தொடங்கினால் எங்கள் வீட்டுச் சுவரும் சேர்ந்து அதிரும். அதில் முதுகைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டால், ஓடுகிற ரயிலில் சன்னலோரம் உட்கார்ந்திருப்பது போலவே இருக்கும். சங்கரன்கோவிலில் என் பள்ளிக்கூடத்துச் சாயங்காலங்கள் பெரும்பாலும் அந்தச் சுவரோடுதான் கழிந்தன. அம்மா அந்தக் கொட்டகையில்தான் தறி ஓட்டினாள். அப்பா சென்னையில் ஓர் ஓட்டலில் பரோட்டா மாஸ்டர். "கதவச் சாத்திட்டு வீட்டுக்குள்ளயே கெட" என்பது அம்மாவின் நிரந்தர உத்தரவு.

துணைக்கு இருந்தது அப்பா விட்டுப்போன பழைய போன். அதில் ரயில் சிக்னல் விளையாட்டு ஒன்றை ஏற்றி வைத்திருந்தேன். இஞ்சினோ புகையோ கூவலோ கிடையாது. கறுப்புத் திரையில் கோடுகள்தான் தண்டவாளம், அவற்றின் மேல் ஊர்ந்துபோகும் சின்னக் கட்டங்கள்தான் வண்டிகள். கட்டத்துக்குள் வண்டியின் பெயரை நாமே எழுதிக்கொள்ளலாம். நேரத்துக்கு ஓடினால் கட்டம் பச்சை, கொஞ்சம் பிந்தினால் மஞ்சள், ரொம்பப் பிந்திவிட்டால் சிவப்பு. எதை முன்னால் விடுவது, எதை ஓரத்தில் போடுவது என்று முடிவு செய்வதுதான் ஆட்டம்.

ஒரு வண்டிக்குச் 'சென்னை வண்டி' என்று பெயர் வைத்திருந்தேன். அது பச்சையாக வருவதற்காக மற்ற எல்லா வண்டிகளையும் பிடித்து நிறுத்திவிடுவேன். ஒருநாள் தலையில் பஞ்சுத் தூசியோடு வந்த அம்மா, தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"ஏலே, இம்புட்டு வண்டி செவந்து நிக்கே, அதுல உள்ள சனமெல்லாம் ஒன்னைய ஏசாதா?"

"ஏசட்டும்மா. சென்னை வண்டி பச்சையா வருதுல்லா."

"நீ விடுத வண்டிலயாவது ஒங்கப்பா நேரத்துக்கு வரட்டும்" என்று சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

ஆடித் தபசுக்கு மட்டும் அப்பா தவறாமல் வருவார். வெளியூரில் பிழைக்கப் போனவர்களெல்லாம் வந்து சேரும் திருவிழா அது. நான் ஒன்பதாம் வகுப்புப் படித்த வருசம், தபசன்று காலையில் அம்மாவும் நானும் ஸ்டேஷனுக்குப் போனோம். வண்டி வெகுவாகப் பிந்தி வந்தது. பைகளும் பிள்ளைகளுமாகக் கூட்டம் இறங்கி, எங்களைக் கடந்து, கோயிலைப் பார்க்கப் போய்விட்டது. அப்பா இறங்கவில்லை. பிறகுதான் போன் வந்தது. "மொதலாளி லீவு தரல மக்கா. மழை பிடிக்கவும் வாரேன்."

ஊரே தேரடியில் கிடக்க, நான் கதவைச் சாத்திக்கொண்டேன். திருநாள் என்பதால் தறிகளும் ஓடவில்லை. சுவர் செத்துக் கிடந்தது. போனை எடுத்து சென்னை வண்டியை ரத்து செய்தேன். அந்தக் கட்டம் சட்டென்று இல்லாமல் போயிற்று. ரத்தான வண்டிக்கு அந்தத் திரையில் நிறமே கிடையாது. சிவப்பின் அருமை எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

மழை தொடங்கி, சொன்னபடியே அப்பா வந்தார். அவர் பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவர்; எழுத்துக் கூட்டத் தெரியாது. ஆனாலும் நிறங்களைக் காட்டிச் சொன்னதும் ஆட்டத்தைப் பிடித்துக்கொண்டார். "இதுல சென்னை வண்டி எங்கலே?" என்று கேட்டார். அதை மறுபடியும் ஓடவிட்டேன். விட்ட நேரம் பிந்திப்போனதால் வரும்போதே சிவப்பாகத்தான் வந்தது.

அப்பாவின் முகம் மாறியது. "செவப்புன்னா நின்னு போச்சா?"

"சிக்னல் செவந்தாத்தான்பா நிக்கும். வண்டி செவந்தா லேட்டுன்னு அர்த்தம். வந்துகிட்டுதான் இருக்கு."

"வந்துரும்லா?"

"வந்துரும்."

"அப்பம் சரி" என்று அவரும் சுவரில் சாய்ந்துகொண்டார். தறிகள் அடித்துக்கொண்டிருந்தன. இரண்டு பேரும் அந்தச் சிவப்புக் கட்டம் ஊர் வந்து சேரும்வரை பார்த்துக்கொண்டிருந்தோம்.

இன்று அந்தக் கொட்டகையில் தறி இல்லை. அவற்றைப் பிரித்துப் போட்டுவிட்டு இடத்தை வாடகைக்கு விட்டுவிட்டார்கள். அந்த விளையாட்டைத் தேடினால், இந்தப் போனுக்கு ஒத்துவராது என்கிறது. கால் வலியோடு அப்பா ஊருக்கே திரும்பிவிட்டார். படித்து முடித்து, வேலை கிடைத்து, அவர் இருந்த சென்னைக்கு நான் வந்துவிட்டேன். வண்டி எங்கே வருகிறது என்று காட்டும் செயலியை, திறந்ததும் சென்னை வண்டி தெரிகிற மாதிரி, போன முறை ஊருக்குப் போனபோது அப்பாவின் போனில் போட்டுக் கொடுத்தேன். அதிலும் பிந்திய வண்டி சிவப்புதான்.

இந்த வருசத் தபசுக்கு எனக்கு லீவு கிடைக்கவில்லை. முந்தின நாளே அம்மாவிடம் சொல்லிவிட்டேன். தபசன்று காலையில் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது அவள் கூப்பிட்டாள்.

"ஒங்கப்பா விடியவும் போனும் கையுமா உக்காந்துட்டாரு. நீ வரலன்னு சொல்லியாச்சு, கேக்க மாட்டேங்காரு. சென்னை வண்டி செவப்பா இருக்காம். செவப்புன்னா எப்படியும் வந்துருமாம், நீதான் சொன்னியாம்."

"அவர்ட்ட குடும்மா" என்றேன். அவள் அவரைக் கூப்பிடுவது கேட்டது. காத்திருந்த நேரத்தில் என் அறைச் சுவரில் முதுகைச் சாய்த்தேன். அது அதிரவில்லை.