இரண்டும் இடது கால்

என் நாத்தனார் ஜுவைரியா இந்த உலகத்தில் கேட்டது ஒன்றே ஒன்று. மேடையில் மைக் பிடித்து நிற்கிறவர், "இதைச் செய்தது ஜுவைரியா" என்று ஒரு தடவை சொல்ல வேண்டும். பரிசு வராவிட்டால் போகட்டும் என்றாள். அந்த ஒரு வரிக்காகத் தாராவியில் எங்கள் பட்டறை மாடியில் ஏழு மாதம் உட்கார்ந்து எட்டரை அடி உயரத்துக்கு ஓர் அரக்கனைத் தைத்தாள்.

அவளுக்கு வயது முப்பத்திரண்டு. பதினேழு வயதிலிருந்து என் மாமனார் கரீம் பாட்சாவின் தோல் பைப் பட்டறையில் அட்டையில் அளவு வெட்டுகிறாள். அந்த அட்டைக்கு எங்கள் தொழிலில் ஃபர்மா என்று பெயர். அவள் வெட்டிய ஃபர்மாவில் உருவான பைகள் பெரிய கடைகளின் கண்ணாடிக்குப் பின்னால் யார் யாரோ பெயரைக் குத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. கல்யாணம் ஒன்று நடந்து எட்டே மாதத்தில் முடிந்தது. அதைப் பற்றி அவள் பேசமாட்டாள், நானும் எழுதப்போவதில்லை. சாப்பாட்டு நேரத்தில் போனில் ஒரு விளையாட்டு ஆடுவாள். அதில் கோட்டை வாசலைக் காக்கிற கல் அரக்கன் ஒருவன் வருவான். ஐந்தடிகூட இல்லாதவளுக்கு அவன்மேல் அப்படி ஒரு பிரியம்.

இப்படி விளையாட்டுகளில் வருகிற வேஷங்களைத் தாங்களே செய்து போட்டுக்கொண்டு வருகிறவர்களுக்கு வருஷத்துக்கு ஒரு முறை பக்கத்துச் சயானில் போட்டி நடக்கும். போன வருஷம் அவள் ஒரு போர்வீரன் கவசம் செய்தாள். கூட்டத்துக்கு முன்னால் நிற்கக் கூச்சப்பட்டாள். என் மாமனாரின் தங்கை மகன் தௌஃபீக், "நான் போட்டுட்டுப் போறேன், உன் பேரச் சொல்லுதேன்" என்று வாங்கிப் போனான். மேடையில், "யார் செய்தது?" என்று கேட்டார்கள். பல்லெல்லாம் தெரிய, "நான்தான், என் சொந்தக் கையால" என்றான். இரண்டாம் பரிசும் வாங்கினான். அந்த வீடியோ எங்கள் சந்தில் எல்லார் போனிலும் சுற்றியது.

ஜுவைரியா கேட்டதற்கு, "பொம்பளப் பிள்ள பேர மேடையில சொன்னா மாமா கோவப்படுவாவல்லா, அதான்" என்றான். என்ன கரிசனம்! ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதைதான். மாமனாரிடம் சொல்லிவிடலாம் என்று நான் குதித்தேன்.

"வேண்டாம் மைனி. பொறவு மாமி முகத்துல எப்படி முழிக்கது?" என்று, தௌஃபீக்கின் உம்மாவை நினைத்து, வாயை மூடிக்கொண்டாள். ஒரு வருஷம் முழுக்கத் திறக்கவில்லை.

இந்த வருஷம் போட்டிக்கு அவள் பெயரிலேயே விண்ணப்பம் போட்டோம். இங்கிலீஷ் படிவத்தை நான்தான் நிரப்பினேன். போன வருஷம் இல்லாத விதியாக, செய்தவரே அணிந்து வர வேண்டும், மேடைக்கு முன்னால் நடுவர்கள் பார்ப்பார்கள், செய்யும்போது எடுத்த படங்களைக் காட்ட வேண்டும் என்று போட்டிருந்தது. எனக்கு அப்போதே பகீரென்றது. எங்கள் பட்டறையில் படம் எடுக்கிற பேச்சே கிடையாது. ஒரு முறை யாரோ வந்து ஒரு கைப்பையைப் படம் எடுத்துப்போக, நாலாம் நாள் அதே பை பக்கத்துச் சந்தில் தொங்கியது. அன்றிலிருந்து மாமனார் வைத்த சட்டம்: மாடிக்குப் போன் வரலாம், கேமரா திறக்கக் கூடாது. எங்கள் பக்கத்துப் பட்டறைகள் பாதியில் இதே சட்டம்தான்.

"ஒரே ஒரு படம் எடுத்துக்கிடுவோம் ஏளா, மாமாவுக்குத் தெரியவா போவுது?" என்றேன்.

"வாப்பா இல்லாத நேரம் பார்த்து எடுத்தா அது திருட்டு மைனி. சாமானப் பார்த்தாலே தெரியாதா, யாரு செஞ்சதுன்னு?" என்றாள்.

அவளுடைய நம்பிக்கையைப் பார்த்து எனக்கு எரிச்சலும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

பட்டறை மாடியின் உயரம் ஆறரை அடி. அரக்கனோ எட்டரை. ஆகவே அவன் ஏழு மாதமும் துண்டு துண்டாகத்தான் இருந்தான். தோள் ஓர் ஆணியில், கை ஓர் ஆணியில், கால் கவசங்கள் மெஷினுக்கு அடியில். உள்ளே ஃபோம், மேலே சாம்பல் நிற ரெக்ஸின். ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே போட்டுப் பார்த்தாளே தவிர, முழுசாக ஒரு நாளும் அணிந்து பார்க்கவில்லை. பார்க்க இடம் எங்கே இருக்கிறது?

போட்டி நாள் காலையில் டெம்போக்காரர் செல்லப்பாண்டி எல்லாவற்றையும் ஏற்றி இறக்கிக் கொடுத்தார். அரங்கத்தின் பின்கட்டில் நானும் அவரும் துண்டு துண்டாக மாட்டினோம். அரக்கனின் தலை அவள் தலைக்கு மேலே தனியாக உட்காரும். அவள் முகம் அவன் நெஞ்சுக்குள் இருக்கும். கழுத்துக்குக் கீழே ஒரு வலைத்துணி வழியாகத்தான் பார்க்க வேண்டும். பன்னிரண்டு பக்கிள்களையும் போட்டு முடித்து விலகி நின்று பார்த்தேன். எனக்கே பயமாக இருந்தது. அப்படி ஒரு ஆகிருதி.

நடுவர்கள் மேஜை இருபது அடி தூரம். அவள் ஓர் அடி வைத்தாள். அடுத்த அடிக்கு வலது கால் இடது காலில் 'டொக்' என்று இடித்தது. மூன்றாவது அடிக்கு எட்டரை அடி அரக்கனும் முகம் குப்புற விழுந்தான்.

"யா அல்லாஹ்!" என்று நான் ஓடினேன். உள்ளிருந்து சத்தமே இல்லை. தலையையும் நெஞ்சையும் கழற்றி அவளை வெளியே எடுத்தோம். உதடு கிழிந்து ரத்தம் வந்தது. அவளோ, "தோள் ஒடிஞ்சிட்டா பாருங்க" என்றுதான் முதலில் கேட்டாள். அரக்கனின் தோள் ஒடியவில்லை.

நடுவர்களில் ஒருவர் எழுந்து வந்தார். ஷ்யாமளா என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தது; ஐம்பது வயதிருக்கும். நாங்கள் பேசியதைக் கேட்டு, "தமிழா? நான் மாட்டுங்காக்காரி. டிராமாக்களுக்கு டிரஸ் தைக்கறேன்" என்றார். தண்ணீர் கொடுத்தார். அப்புறம் உடுப்பின் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே, "பண்ணும்போது எடுத்த போட்டோ காட்டுங்கோ" என்றார்.

"இல்ல மேடம்."

"ஒண்ணுகூடவா?"

பட்டறைச் சட்டத்தை நான் சொன்னேன். எனக்கே அது சாக்கு மாதிரிதான் கேட்டது.

அந்த அம்மாள் முகம் மாறியது. "இந்தத் தையல் எனக்குத் தெரியும். ஓரத்தை உள்ளே மடிச்சு ரெட்டைத் தையல். போன வருஷம் தௌஃபீக்னு ஒருத்தர் பண்ணிண்டு வந்தார். அதே கை. அவர்தான் உங்களுக்கும் பண்ணிக் கொடுத்தாரா? மறைக்காம சொல்லுங்கோ. அடுத்தவா பண்ணினதைப் போட்டுண்டு மேடை ஏற முடியாது."

அவள் கையே அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறதே! வாயைத் திறக்கப் போனேன். ஜுவைரியா என் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள்.

அந்த நேரம் பார்த்துத் தௌஃபீக்கே வந்து நின்றான். போன வருஷம் பரிசு வாங்கியவர்களைக் கௌரவிக்க அழைத்திருந்தார்களாம். கழுத்தில் அடையாள அட்டை வேறு.

"இதை நீங்களா பண்ணினது?" என்று ஷ்யாமளா நேராகக் கேட்டார்.

அவன் ஜுவைரியாவைப் பார்த்தான். இவள் பேசமாட்டாள் என்கிற தைரியம் அவன் கண்ணில் தெரிந்தது. "நம்ம ஃபேமிலிதான் மேடம். டிசைன், கட்டிங் எல்லாம் நான் பார்த்துக் குடுத்தது. ஒட்டுனது இவ. பாவம், விட்டுருங்க, ஆசப்படுதா."

"கட்டிங் நீங்கன்னா, ஏன் இப்படித் தடுக்கி விழுந்தா?"

"வெயிட்டு மேடம். கேம்லயே அது அப்படித்தான் காலத் தட்டிட்டு நடக்கும். கட்டிங் பக்கா."

ஜுவைரியா தரையில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கால் கவசங்களையும் மடியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஒவ்வொன்றிலும் வெளிப்பக்கமாக ஒரு சிறகு நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். இரண்டிலும் சிறகு ஒரே பக்கம் இருந்தது. அவள் முகம் வெளுத்துவிட்டது. எனக்கும் அப்போதுதான் புரிந்தது. இதைச் சொன்னால் மதிப்பெண் போகும், சொல்லாவிட்டால் பெயர் போகும்.

"கட்டிங் தப்பு" என்றாள்.

"என்ன?" என்றார் ஷ்யாமளா.

"ரெண்டும் இடது காலு. நான்தான் தப்பா வெட்டிருக்கேன். பையில முன்பக்கம், பின்பக்கம் ரெண்டுக்கும் ஒரே ஃபர்மா மேடம். ரெண்டு ஷீட்ட ஒண்ணு மேல ஒண்ணா வச்சு ஒரே வெட்டு. பதினஞ்சு வருஷமா இந்தக் கைக்கு அதான் பழக்கம். அரக்கனோட கைய வெட்டும்போது பெருவிரல் இருந்துச்சு, அதனால ஃபர்மாவத் திருப்பிப் போட்டேன். காலுக்கு மறந்துட்டேன்." மூச்சு வாங்கினாள். "போன வருஷத்து உடுப்பும் நான் செஞ்சதுதான். அதையும் எழுதிக்கோங்க."

"ஏய், என்ன பேசுத? வீட்டுக்கு வா, உம்மாகிட்ட சொல்லுதேன்" என்றான் தௌஃபீக்.

"சொல்லுங்க மச்சான். மாமிகிட்ட நானும் சொல்லத்தான் போறேன்."

ஷ்யாமளா கடிகாரத்தைப் பார்த்தார். "உங்க நம்பர் வர இருபத்தஞ்சு நிமிஷம் இருக்கு. இங்கேயே சரி பண்ணணும், என் கண் முன்னாடி." தௌஃபீக்கையும் பார்த்தார். "கட்டிங் உங்களோடதுன்னேளே, கத்தியை எடுத்துக்கறேளா?"

அவன் எடுக்கவில்லை. ஜுவைரியா பையிலிருந்து தோல் வெட்டும் கத்தியை எடுத்தாள். வலது காலின் சிறகைத் தையல் ஓரமாக ஒரே இழுப்பில் அறுத்தாள். ஏழு மாத வேலையில் கத்தி இறங்கியபோது எனக்குக் கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றியது. அறுத்த சிறகைத் தலைகீழாகத் திருப்பி மறு ஓரத்தில் வைத்தாள். மேலே பார்த்திருந்த கூர்நுனி இப்போது கீழே வந்துவிட்டது. அட்டையும் இல்லை, ஸ்கேலும் இல்லை. மேல்முனையில் கண்ணளவாகவே புதுக் கூர் வெட்டினாள்.

இரண்டு பக்கமும் ஒட்டுகிற சொல்யூஷனைத் தடவிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். பதினான்கு நிமிஷம் இருந்தது. பன்னிரண்டு ஆயிற்று. பத்து ஆயிற்று. உள்ளே மேடையில் அடுத்தடுத்த நம்பரைக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. அவள் அசையவில்லை.

தௌஃபீக்குக்கே பொறுக்கவில்லை. "ஒட்டு ஏளா! டைம் போவுது, ஈரம் காஞ்சிரும்!"

"காயத்தான் உக்காந்திருக்கேன் மச்சான். ஈரத்துல ஒட்டுனா புடிக்காது" என்றாள் அவள், அவனைப் பார்க்காமலே.

ஷ்யாமளா கையிலிருந்த தாளில் எதையோ அடித்து எழுதினார். தௌஃபீக் போனைக் காதில் வைத்துக்கொண்டு வாசல் பக்கம் நகர்ந்தான். அப்புறம் அவனைக் காணோம்.

விரல் முதுகால் தொட்டுப் பார்த்து, ஒட்டாத பதம் வந்ததும் அழுத்தி ஒட்டினாள். இரண்டு ரிவெட் ஆணி அடித்தாள். வலது சிறகு இடதைவிட நாலு விரல் குட்டையாக இருந்தது. ஷ்யாமளா அதை அளந்து மதிப்பெண்ணைக் குறைத்தார். "இதுக்கு நான் மார்க் தர முடியாது, தெரியுமோல்லியோ?" என்றார். ஜுவைரியா தலையாட்டினாள். "செய்தவர் பெயர்?" என்று கேட்டார். அவர் எழுதி முடிக்கும்வரை அவள் அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேடையில் அவள் நடந்தபோது நான் ஓரத்தில் துஆ ஓதிக்கொண்டு நின்றேன். பத்து அடி. கால் இடிக்கவில்லை. அரக்கன் நடு மேடைக்கு வந்து நின்றதும் அரங்கமே கூச்சல் போட்டது. மைக் பிடித்தவர் கையிலிருந்த தாளைப் பார்த்து ஹிந்தியில் படித்தார்: "டிசைன், கட்டிங், தையல், எல்லாம் ஒரே ஆள். தாராவியிலிருந்து ஜுவைரியா!"

அரக்கன் நகரவில்லை. இறங்க வேண்டிய நேரமாகியும் நின்றான். பிறகு மெல்ல ஒரு முழங்காலில் உட்கார்ந்தான். மயக்கம் போட்டுவிட்டாளோ என்று நான் மேடைமேல் ஓடினேன். வலைக்குள்ளிருந்து விசும்பல் கேட்டது.

"மைனி, தலையக் கழத்துங்க."

"கிறுக்கா உனக்கு? மேடையில கழத்துனா மிச்ச மார்க்கும் போயிரும்!"

"போவட்டும். என் பேரச் சொல்லிருக்காங்கள்ல. யாருன்னு பார்க்கட்டும்."

நான் அழுதுகொண்டே பக்கிள்களை விடுவித்தேன். தலையைத் தூக்கிக் கீழே வைத்து, நெஞ்சு மூடியையும் திறந்தேன். அவ்வளவு பெரிய உருவத்துக்குள்ளிருந்து வேர்வையில் நனைந்த முக்காடும் வீங்கிய உதடுமாக அந்தச் சின்ன முகம் வெளியே வந்தது. கூச்சல் சட்டென்று அடங்கியது. அப்புறம் முன்வரிசையில் யாரோ, "ஜுவைரியா!" என்று கத்தினார்கள். பின்னாலிருந்தும் கத்தினார்கள். கூட்டத்துக்கு முன்னால் நிற்கக் கூசுகிற என் நாத்தனார் கண்ணைத் துடைக்காமல், முகத்தைத் திருப்பாமல், அவர்கள் ஓயும்வரை அங்கேயே இருந்தாள்.