கோதின் குரலறிந்த தவமணி மச்சாள்

எங்கள் ஒழுங்கை முகப்பில் ஒருநாளும் நிற்காத வவுனியா பஸ் அன்று காலை நின்றது. கொண்டக்டர் இறங்கி வந்து, படலையடியில் நின்ற என்னிடம், "தம்பி, கொண்ணர் சொல்லிவிட்டவர். வீடு வாசலைக் கூட்டி வைக்கட்டாம்" என்றார். எதற்கும் ஒரு மறுசொல் மடியில் வைத்திருப்பவன் நான். அன்று விளக்குமாற்றை எடுத்து முற்றத்தைக் கூட்டினேன். நெருப்புக் காய்ச்சல் என்று அண்ணர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போன அவருடைய பெண்சாதி, எங்கள் தவமணி மச்சாள், ஐந்தாம் நாள் லொறியில் பிரேதமாக வீடு வந்து சேர்ந்தார்.

இந்த முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு மற்றவர்கள் வெண்பா எழுதியிருக்கிறார்கள். எனக்கு வெண்பாவும் வராது, வெண்பொங்கலும் வராது. "உனக்குத்தானே வாய் இருக்கு, எழுது" என்று அண்ணர் சொன்னபடியால் எழுதுகிறேன்.

மச்சாள் தண்ணீரூற்றில் பிறந்தவர். அண்ணரைக் கைப்பிடித்துப் புளியங்குளத்துக்குக் கிழக்கே எங்கள் கொலனிக் காணிக்கு வந்தபோது, கூறைச்சேலைக்கு அடுத்தபடியாக அவருடைய பெட்டியில் இருந்தது ஒரு சிறிய தட்டூசி. வெடித்த தோட்டாவின் வெறுங்கூடான கோதின் அடியிலிருந்து, மருந்தைப் பற்றவைத்துத் தீர்ந்த பழைய தொப்பியைத் தட்டி எடுக்கிற ஊசி. சீதனமாக ஊசி கொண்டுவந்த பெண்ணை நான் அதற்கு முன் கண்டதில்லை. "மச்சாள், நூலை மறந்திட்டு வந்திட்டியள்" என்றேன். "நூல் வேண்டாம் தம்பி. உன்ரை வாயைத் தைக்கிறதெண்டால் சாக்குக் கயிறுதான் வேணும்" என்றார். வந்த முதல்நாளே அப்படி.

பன்றிக்கும் யானைக்கும் பயிர் கொடுத்து வாழ்கிற ஊர் எங்களுடையது. அண்ணரிடம் பெர்மிட் துவக்கு ஒன்று உண்டு. புதுத் தோட்டா கேட்கும் அளவுக்குக் கிடைக்காது. ஆகவே வெடித்த பித்தளைக் கோதுகளை எடுத்துத் துடைத்து, தொப்பி மாற்றி, வெடிமருந்தும் ஈயச் சன்னமும் இட்டு மறுபடி பாவிப்போம். மருந்திடுவது அண்ணர். எந்தக் கோது மருந்துக்கு உகந்தது என்று தீர்ப்பது மச்சாள். குசினிக்குள் இருக்கிற பலகை மேசையில் ஒவ்வொரு கோதாக ஒரு சாண் உயரத்திலிருந்து விழவிடுவார். 'கிண்' என்றால் நல்லது. கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருந்தால் அந்தக் 'கிண்'ணில் ஒரு கம்மல் இருக்குமாம். எனக்கு எல்லாமே ஒரே கிண்தான். கம்மிய கோதில் அடுப்புக் கரியால் ஒரு கோடு இழுத்து ஒதுக்கி வைப்பார்.

இந்தக் காது அவருக்கு வந்த கதை நல்ல கதையல்ல. அவருடைய ஐயா வெடிப்புக் கோது ஒன்றைக் கவனியாமல் பாவித்து, துவக்கின் பின்பக்கத்தால் நெருப்புச் சீறி, வலக்கண்ணை இழந்து, மற்றக் கண்ணும் மங்கிப்போனவர். பத்து வயதிலிருந்து ஐயாவுக்குப் பேப்பர் வாசித்துக் காட்டியவர் மச்சாள்.

கொழும்புக் கடையொன்றின் விலைப்பட்டியல் புத்தகம் வந்தபோது வீட்டில் பெரிய வழக்கு நடந்தது. ஒன்றுதான் வாங்கலாம். மேசையில் பூட்டிக் கைபிடியைச் சுற்றினால் கோதின் வாயை மடித்து மூடுகிற யந்திரத்தின் படத்தில் அண்ணருக்குக் கண். மச்சாள் காட்டியது ஒரு இரும்பு வளையம். பருத்துப்போன கோது அதற்குள் போகாது, அவ்வளவுதான் அதன் வித்தை.

"இஞ்சருங்கோ, வாய் மடிக்கிறது கடதாசிக் கோதுக்கு. எங்கடை பித்தளைக்கு அது என்னத்துக்கு?"

"இஞ்சரும், பாக்க ஒரு வடிவு இருக்கெல்லே?"

"வடிவு பாத்துத்தான் என்னைக் கட்டினனீங்கள். இப்ப கரிக்கோடு கீறிக்கொண்டிருக்கிறன்."

நான் இடையில் புகுந்தேன். "அண்ணை, மெசினை வாங்குங்கோ. முதல்லை மச்சாளின்ரை வாயிலை வைச்சுப் பாப்பம்."

"உன்ரை வாய்க்கு உந்த மெசின் காணாதடா. நெல்லுக் குத்துற மில்லுக்குத்தான் அனுப்போணும்."

வளையம்தான் வந்தது.

இனி எழுதப் போவதை அண்ணரைத் தவிர ஒருவருக்கும் நான் சொன்னதில்லை. போன காலபோக விதைப்பின்போது ஒருநாள், ஒதுக்கி வைத்த கோதொன்றின் கரிக்கோட்டை வேட்டித் தலைப்பால் துடைத்து, நல்ல கோதுகளுக்குள் போட்டேன். மச்சாளின் காது உண்மையோ புளுகோ என்று பார்க்கிற பகிடி. அண்ணரிடம் கொடுக்கு முன் அவர் எல்லாவற்றையும் இன்னொரு முறை விழவிட்டார். ஏழாவதோ எட்டாவதோ விழுந்ததும் கை நின்றது. என்னைப் பார்த்தார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"தம்பி, உன்ரை பகிடிக்கு அண்ணற்ரை கண்ணைப் பந்தயம் வையாதை."

அண்ணரிடம் காட்டிக் கொடுக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து கம்மிய கோதுகளை அம்மியில் வைத்துக் குழவியால் நசுக்கிவிடுவார்.

கடைசி முறை இருபத்துநான்கு கோதுகளைத் தரம் பிரித்தார். ஒன்பதில் கோடு விழுந்தது. "பின்னேரம் நசுக்குவம்" என்று வைத்தவர் பின்னேரம் காய்ச்சலோடு படுத்தார்.

எட்டாம் நாள் படையலான எட்டுச் செலவுக்கு முதல்நாள் அயல்வீட்டுப் பூமணியக்கா வந்து, செத்தவீட்டுத் துடக்குப் போக வீட்டிலிருந்த பித்தளை முழுவதையும் பழப்புளியும் சாம்பலும் போட்டு மினுக்கினார். குத்துவிளக்கு, செம்பு, மூக்குப்பேணி, அவற்றோடு அந்த இருபத்துநான்கு கோதுகளும். ஒரே கடகத்தில் பொன்போல அடுக்கி வைத்துவிட்டு, "தவமணியின்ரை சாமான் எண்டு வடிவா மினுக்கினனான் தம்பி" என்று கண்ணைத் துடைத்தார். நான் பகிடிக்குச் செய்ததை அவர் பாசத்துக்குச் செய்திருந்தார். ஒன்பது கரிக்கோடுகளும் அழிந்துபோயிருந்தன. "ஓம் அக்கா, நல்ல வடிவு" என்றேன்.

அந்தக் கிழமை பன்றி கீழ்வயலுக்குள் இறங்கிவிட்டது. அண்ணர் கடகத்தை மேசைக்குக் கொண்டுவந்தார். வளையத்துக்குள் இருபத்துநான்கும் போய் வந்தன. வளையம் பருமனைச் சொல்லும், வெடிப்பைச் சொல்லாது. ஒவ்வொன்றாக விழவிட்டோம். கிண். கிண். கிண்.

"எல்லாம் நல்லாத்தான் கேக்குது. மருந்தைப் போடுவம்" என்றார் அண்ணர்.

"எங்கடை காதுக்கு நல்லாத்தான் கேக்கும் அண்ணை."

"ஒன்பது பிழையெண்டாலும் பதினைஞ்சு நல்லதெல்லே? வயல் போகுதடா!"

அப்போதுதான் என் பகிடியைச் சொன்னேன். மச்சாள் பார்த்த பார்வையைச் சொன்னேன். அவர் சொன்னதைச் சொல்மாறாமல் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் ஆறியிருக்கும். அண்ணர் கடகத்தைத் தூக்கிக்கொண்டு அம்மியடிக்குப் போனார். ஒன்பதையல்ல, இருபத்துநான்கையும் நசுக்கினார். ஒவ்வொரு அடிக்கும் ஏதோ சொன்னார். எனக்கு விளங்கியது "தவம்" என்பது மட்டும்.

கீழ்வயல் மூன்று நாளில் போயிற்று. நாலாம் நாள் காலை பார்க்கப் போனோம். நெல் இருந்த இடத்தில் சேறும் குளம்படியும். அண்ணர் குனிந்து, மிதிபடாமல் நின்ற ஒரு கதிரைப் பிடித்து, மணியைப் பல்லால் கடித்துப் பார்த்தார். பால் வற்றியிருந்தது. இன்னும் பத்து நாள் கிடைத்திருந்தால் அறுத்திருப்போம்.

மச்சாள், இப்படி ஒரு ஆளிடம் நான் இனி வாய்கொடுக்க முடியாது. கேட்கிற இடத்தில் இருந்தால் கேளுங்கோ. வயலைத்தான் கொடுத்தோம். அண்ணற்ரை கண் இரண்டும் பத்திரம். இப்போதைக்கு அவை அழுவதற்குத்தான் உதவுகின்றன. போய் வாருங்கோ.