தண்ணீர் விடாமல் இருப்பதற்குக் காசு

எங்கள் நிதியம் சிறியது. கொழும்புப் புறக்கோட்டையில் துணிக்கடை வைத்திருந்த ஒருவர், காடு வளர்ப்பதற்கென்று எழுதிவைத்துவிட்டுப் போன பணம். காட்டைப் படத்தில் மட்டும் பார்த்த வெள்ளவத்தைக்காரர் நான்கு பேர் அதைக் காத்துவருகிறோம். நான் செயலாளர். தெரிவு நடந்த அன்று என்னிடம் மட்டும் பேனா இருந்தது. வேறு தகுதி இல்லை. பொருளாளர் எங்கள் தொடர்மாடியிலேயே மூன்றாம் மாடியில் இருக்கிறார். யாரையும் நம்பமாட்டார். லிஃப்ட் கதவு மூடிய பிறகும் ஒருதரம் தள்ளிப் பார்ப்பார்.

அவருக்கு முன்னால் ஒரு பல்கலைக்கழக மாணவி வந்து உட்கார்ந்து, வன்னிக் காட்டு மரங்களான பாலை, வீரை, முதிரைக் கன்றுகளை வைத்து ஆராய்ச்சி செய்ய உதவி கேட்டாள். பாதிக் கன்றுகளுக்கு ஒழுங்காகத் தண்ணீர் விடுவாளாம். மற்றப் பாதிக்கு விடவே மாட்டாளாம்.

"தண்ணி விடாம இருக்கிறதுக்கு என்னத்துக்குப் பிள்ளை காசு?" என்றார் பொருளாளர். "நான் சும்மாவே விடாம இருப்பனே."

அவள் சிரிக்கவில்லை. "வன்னியில மழை இல்லாட்டியும் பெரிய மரம் தாங்கும் அங்கிள். கீழ முளைச்ச கன்றுகள்தான் முதல்ல சாகும். எது தாங்கும் எண்டு தெரியாட்டி, அந்தக் காடு திரும்ப வருமோ எண்டு எப்பிடிச் சொல்லுறது?"

பாதிப் பணம் இப்போது, மீதி கன்றுகளைப் பார்த்த பிறகு என்று முடிவாயிற்று. கன்று வைக்க இடமில்லை என்றாள். எங்கள் மொட்டைமாடியில் வைக்க நான் பெருந்தன்மையோடு அனுமதி வாங்கிக் கொடுத்தேன். பெருந்தன்மை வெளியே. உள்ளே இருந்தது, இவள் உண்மையில் என்ன செய்கிறாள் என்று பார்க்கும் ஆசை.

கொழும்பு மழை விழாமல் கன்றுகளுக்கு மேல் கண்ணாடி போன்ற ஷீட் போட்டாள். நான் காற்று வாங்குகிறவனைப்போல் பேப்பரோடு மேலே போவேன். அவள் அளப்பாள், எழுதுவாள், ஏதோ பாட்டு முணுமுணுப்பாள். வேலை செய்யும்போது சந்தோஷமாக இருப்பவர்கள்மேல் எனக்கு நம்பிக்கையில்லை.

சில வாரம் போனது. தண்ணீர் காணாத கன்றுகள் வாடத் தொடங்கின. ஒரு நாள், வாடிக் கிடக்கவேண்டிய கன்றுகள் புதுத் துளிர் விட்டிருந்தன. அவள் ஈரம் பார்க்கும் கருவியை மண்ணில் குத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"ஆரோ தண்ணி விடுறாங்கள் அங்கிள்."

"சாரலா இருக்கும்."

"சாரல் இஞ்ச வராது. ஒவ்வொரு நாளும் மேல வாறது நீங்கள் ஒருத்தர்தானே?"

துப்பறிய வந்தவன் சந்தேக நபரானேன். பொருளாளரிடம் போய்ச் சொன்னால் அவருக்குக் கொண்டாட்டம். "நான் முதலே சொன்னனான் ஐசே! ஆராய்ச்சி பிழைச்சுப்போச்சு எண்டு இன்னொருக்காக் காசு கேக்கிற கள்ளம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில மீதியை நிப்பாட்டுவம்."

மீதி நின்றால் அவளுடைய படிப்பும் நின்றுவிடும். எனக்கு நித்திரை வரவில்லை. காவலாளியைச் சந்தேகித்தேன், இரண்டாம் மாடிப் பொடியன்களைச் சந்தேகித்தேன், நான்தான் தூக்கத்தில் எழும்பி நடக்கிறேனோ என்றுகூடச் சந்தேகித்தேன்.

வெள்ளிக்கிழமை காலை, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் குந்தினேன். இடுப்பு பிடித்துக்கொண்ட நேரத்தில் கதவு திறந்தது. பொருளாளர்! ஈரத்தலை, நெற்றி நிறைய விபூதி, கையில் செம்பு. நேரே வாடல் வரிசைக்குப் போய், ஒவ்வொரு கன்றின் அடியிலும் பக்குவமாக ஊற்றினார்.

"பிடிச்சிட்டன்!" என்று பாய்ந்தேன்.

அவர் அசையவில்லை. என் சாரத்தைத்தான் சந்தேகமாகப் பார்த்தார். "டாங்குக்குப் பின்னால என்ன ஐசே செய்யிறீர்?"

"கன்றுகளுக்குத் தண்ணி விடுறது நீர்தானா?"

"இது தண்ணியோ? சாமிக்கு வச்சது. சிங்குக்குள்ள ஊத்தேலுமோ? கால் படாத இடத்தில, மரத்தடியிலதான் ஊத்தவேணும். இந்தக் கட்டடத்தில வேற எங்க மரம் இருக்கு?"

அது உண்மை. கீழே முழுக்கச் சீமெந்தும் காரும்தான்.

"அப்ப பச்சையா நிக்கிறதுக்கு ஊத்தியிருக்கலாமே!"

"அதுகளுக்கு அவள் விடுறாள்தானே. வாடினதுக்கு ஊத்தினாத்தான் ஐசே புண்ணியம்."

அப்போது கதவு மறுபடி திறந்தது. செம்போடு என் மனைவி. எங்கள் இருவரையும் பார்த்து முகம் மலர்ந்தாள்.

"என்னப்பா, நீங்களும் ஊத்த வந்தனீங்களோ?"

விசாரித்தால், சாமிக்குச் செம்பில் தண்ணீர் வைக்கும் வீடெல்லாம் அங்கேதான் ஊற்றியிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பொருளாளர் எல்லாருக்கும் முந்திப் பேசினார். மீதியைக் கொடுப்போம், திரும்பத் தொடங்கும் செலவையும் கொடுப்போம் என்றார். மற்ற இரு உறுப்பினரில் ஒருவருக்கு இந்த அவசரம் சந்தேகமாக இருந்தது. காரணம் கேட்டார்.

"காரணத்தைச் செயலாளர் எழுதுவார்" என்று பொருளாளர் கூரையைப் பார்த்தார்.

'எதிர்பாராத ஈரப்பதன்' என்று எழுதினேன்.

மாணவியிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். முதல்முறையாகச் சிரித்தாள். பிறகு மொட்டைமாடிக் கதவடியில் பெரிய தொட்டியில் ஒரு செவ்வரத்தைப் பூச்செடி வைத்து, சாமித் தண்ணீரெல்லாம் இனி இதற்கு என்றாள். புதுக் கன்றுகளைச் சுற்றிக் கம்பிவலை அடித்துப் பூட்டும் போட்டாள்.

"ஒரு சாவி என்னட்ட இருந்தா நல்லம்" என்றேன்.

"வேண்டாம் அங்கிள்," என்றாள். "ஆன்ட்டியும் அதே வீட்டிலதானே இருக்கிறா."