கோட்டுக்கடியில் விலை

நஞ்சுண்டன் கோட்டைக் கழற்றி, கர்டிஸின் கைமேல் போட்டு, அதற்கடியில் தன் கையை விட்டார். ஹூஸ்டன் கூடைப்பந்து அரங்கத்து வாசலில் பிளாக்கில் டிக்கெட் விற்பவன் கர்டிஸ். பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுவார்கள். நஞ்சுண்டன் இங்கே கோட்டுக்கடியில் பேசுகிறார். ஒரு விரலைப் பிடித்தால் பத்து டாலர். முதல் தடவை கர்டிஸ் பதறிப்போய்க் கையை உதறிவிட்டு நகர்ந்தான். இப்போது அவனே கையை நீட்டுகிறான். விலை பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாதது அவனுக்கும் வசதி.

நஞ்சுண்டன் எண்ணெய்க் கம்பெனியில் இன்ஜினியர். சம்பளத்துக்குக் குறைவில்லை. ஆனாலும் முன்கூட்டியே டிக்கெட் வாங்குகிறவர்களைக் கண்டால் அவருக்கு இளப்பம். ஹில்கிராஃப்ட் தெரு இந்திய மளிகைக் கடையில் பருப்பு வாங்க வந்தவர்களையும் நிறுத்தி வைத்துச் சொல்வார்: "வீக்டேல போங்க. எதிர் டீம் சப்பையா இருக்கோணும். மழை பேஞ்சா ரொம்ப நல்லது. கேம் ஸ்டார்ட் ஆகற வரைக்கும் அவன் ராசா. ஆயிருச்சுன்னா அவங்கிட்ட இருக்கறது வெறுங் காயிதமுங்க." மிச்சம் பிடித்ததை வண்டி நிறுத்தும் கட்டணம் தின்றுவிடுகிறதே என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

ஆட்டப் பைத்தியம் உண்மையில் அவர் மனைவி கலாவதிதான். எந்த ஆட்டக்காரனுக்கு எந்த முழங்கால் மோசம் என்பதுவரை அவளுக்குத் தெரியும். ஆனால் நேரில் ஒரு ஆட்டத்தின் தொடக்கத்தைக்கூட அவள் பார்த்ததில்லை. விளக்குகளை அணைத்து, ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட, இருட்டிலிருந்து ஓடிவருவார்களே, அதைப் பார்க்க வேண்டும். இவள் உள்ளே போகிறபோது பக்கத்து இருக்கைக்காரர் பாதி பாப்கார்னைத் தின்று முடித்திருப்பார். அந்த ஏக்கம் அவளுக்குக் கொஞ்சநஞ்சமல்ல. இன்றைக்கு சீசனின் கடைசி ஆட்டம். அடுத்த மாதம் கம்பெனி அவர்களைத் துல்சாவுக்கு மாற்றுகிறது. அங்கே டீமே கிடையாது.

"ஏனுங்க, இன்னைக்காச்சும் ஃபர்ஸ்ட்ல இருந்து பாத்தர்லாமுங்க."

"பொறு கலா. இன்னுங் கொஞ்ச நேரம். நாலு வெரல் ரெண்டாயிரும்."

"ஃபோர், மேன். ஃபோர்" என்றான் கர்டிஸ். நஞ்சுண்டன் அவனுடைய இரண்டு விரல்களைப் பிடித்தபடி, டிக்கெட்டே வேண்டாதவர்போல அரங்கத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

உள்ளே ஒலிபெருக்கி கரகரத்தது. கூட்டம் கத்தத் தொடங்கியது. பெயர் கூப்பிடப் போகிறார்கள். கர்டிஸின் முகம் லேசாக வாடியதை நஞ்சுண்டன் கவனித்துவிட்டார்; அவருக்குச் சிரிப்பு முட்டியது.

"பாத்தியா, எறங்கறான்" என்று தமிழில் சொன்னார்.

கலாவதி கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, தன் கையையும் கோட்டுக்கடியில் விட்டாள். கணவரின் விரல்களைப் பிரித்து, கர்டிஸின் ஐந்து விரல்களையும் சேர்த்து அவர் உள்ளங்கைக்குள் வைத்து அழுத்தி மூடினாள்.