மண்ணில் உறங்குவோர் எழுவர்: மொன்றியலில் அண்ணையோடு இரண்டு நாள்

சென்ற ஒக்டோபரில் அண்ணை மொன்றியலில் இருந்து கூப்பிட்டார். இறுதிக்காலம் பற்றிப் பண்டைய யூதர்கள் எழுதியவை குறித்து ஒரு பொதுச் சொற்பொழிவாம், ஆங்கிலத்தில். "நீ பக்கத்தில இருந்து தமிழில சொல்லுவியோ?" வேலைக்காகப் பிரெஞ்சு பழகியவருக்கு ஆங்கிலம் குறைவு. என்னிடம் எதுவும் கேட்காத மனிதர் என்பதால் உடனே புறப்பட்டேன்.

ரொறன்ரோவிலிருந்து 540 கிலோமீற்றர். பஸ்ஸில் ஏழு மணித்தியாலம், 62 டொலர். சாப்பாட்டைக் கையோடு கொண்டுபோங்கள்.

அண்ணி ஸ்டெல்லா போரின் கடைசி மாதங்களில் வன்னியில் சனநெரிசலுக்குள் காணாமற்போனவர். அண்ணை வருடந்தோறும் மாதா கோயிலில் பூசை ஒப்புக்கொடுக்கக் கேட்பார், ஆனால் அண்ணி திரும்பி வருவதற்காக. இறந்தவர்களுக்கான பூசை என்றால் எழுந்து போய்விடுவார்.

சனிக்கிழமை பிற்பகல், மண்டபத்தின் கடைசி வரிசையில் இருந்து அண்ணையின் காதுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். பேரரசுகளின் கீழ் நசுங்கியவர்கள் எழுதியவை இவை என்றார் சொற்பொழிவாற்றிய பேராசிரியை. கொடிய அரசுகள் விழும், மண்ணில் உறங்குவோர் எழுவர் என்று நம்பினார்கள். அதற்கு நாளும் எண்ணினார்கள். அந்த நாள் வந்து போனது, முடிவு வரவில்லை. பிறகு, நாளைத் தள்ளிவைத்து இன்னொரு கணக்கைச் சேர்த்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்களாம்.

"பேந்தும் பாத்துக்கொண்டு இருந்தவையோ?" என்று கேட்டார் அண்ணை.

"ஓம் அண்ணை."

"அதுவும் வரேல்லையோ?"

"வரேல்லை."

மெற்றோவில் சென்ட் லோரன்ட் நிலையம் வரை வந்தோம். இறங்கும்போது அண்ணை சொன்னார்: "நானும் உப்பிடித்தான், அடுத்த வருசம் அடுத்த வருசம் எண்டு தள்ளிக்கொண்டு வந்தனான். அவ செத்திட்டா எண்டு ஒத்துக்கொண்டாத்தானே, எழும்புவா எண்டு நம்பலாம்."

வீட்டுக்கு வந்ததும் கோயில் பாதருக்குப் போன் எடுத்தார். ஞாயிறு பூசையில் இறந்தவர்களின் பெயர்களோடு அண்ணியின் பெயரையும் வாசித்தார்கள். அண்ணை முழங்காலில் இருந்தவர், பூசை முடிந்து எல்லோரும் வெளியேறிய பிறகும் எழும்பவில்லை. பக்கத்தில் முழங்காலிட்டேன். அவ்வளவு காலத்து அழுகையையும் அன்றுதான் அழுதார்.

இப்படியான சொற்பொழிவுக்குப் போகிறவர்கள் முன்கூட்டியே கொஞ்சம் வாசித்துவிட்டுப் போங்கள். நான் தமிழ்ச் சொல் கிடைக்காமல் திணறினேன். ஒக்டோபரிலேயே தடித்த ஜாக்கெற் தேவை. ஜான்-டலோன் சந்தை, அதே பெயருள்ள மெற்றோ நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடை.

என் பஸ்ஸுக்கு முன் அங்கேதான் போனோம். அண்ணை வெள்ளைச் செவ்வந்தி எடுத்தார். வைப்பதற்குக் கல்லறை இல்லை. வீட்டில் அண்ணியின் படத்துக்கு முன் வைக்கப்போவதாகச் சொன்னார். யாருக்கு என்று பூக்கடைப் பெண் பிரெஞ்சில் கேட்டாள். மனைவிக்கு என்றார். அவள் முகம் மலர்ந்து, கேட்காமலே ஒரு சிவப்பு ரிபன் கட்டிக் கொடுத்தாள்.

"மெர்சி" என்று வாங்கிக்கொண்டார்.