தண்டல் வேஷத்தில் பிளாரன்ஸ்

தூத்துக்குடியில் எங்கே பெரிய மேடை போட்டாலும், பக்கத் திரைக்குப் பின்னால் காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு ஒரு பெண் நிற்பாள். கோயில் திருவிழா, பள்ளிக்கூட ஆண்டுவிழா, கல்யாண வரவேற்பு எல்லாவற்றிலும் அவளைப் பார்க்கலாம். பார்க்கலாம் என்று சொல்வது தப்பு. கூட்டத்தில் இருப்பவர்கள் யாரும் அவளைப் பார்க்க முடியாது. அவள் பெயர் பிளாரன்ஸ். என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவள். ஊரே தன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஒரு காலத்தில் அவள் தவித்த தவிப்பு எங்கள் வகுப்புக்காரர்களுக்குத்தான் தெரியும்.

நாங்கள் பிளஸ் ஒன் சேர்ந்த வருஷம் எங்கள் பள்ளிக்கூடத்தில் தொழிற்கல்விப் பிரிவில் புதிதாக ஒன்றைத் தொடங்கியிருந்தார்கள். ‘நிகழ்த்துக்கலையும் மேடைத் தயாரிப்பும்’ என்று அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட்டார்கள். அதை முழுசாகச் சொல்ல யாருக்கும் பொறுமை இல்லை. ஊர் முழுக்க அது ‘நாடக குரூப்’ ஆகிவிட்டது. பத்தாம் வகுப்பில் மார்க் குறைந்தவர்களை அதில் தள்ளினார்கள். நானும் அப்படித் தள்ளப்பட்டவள்தான். பிளாரன்ஸ் மட்டும் காமர்ஸ் கிடைக்கிற மார்க்கை வைத்துக்கொண்டு தானாகக் கேட்டு வந்தாள்.

அவள் அப்பா தோணியில் வேலை. தூத்துக்குடியிலிருந்து வெங்காயமும் செங்கலும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போனால் திரும்ப எப்போது வருவார் என்று சொல்ல முடியாது. வீட்டில் அம்மா அமலோற்பவம் வைத்ததுதான் சட்டம். அந்த அம்மா பள்ளிக்கூட வாசலிலேயே மகளைத் திட்டியது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

“ஏளா, கணக்கு எழுதப் படிச்சா ஆபீஸ்ல உக்காரலாம். நீ கூத்தாடப் படிச்சி எங்கன போயி உக்காரப் போற?”

“உக்கார மாட்டேன்மா, நிப்பேன். நடுவுல நிப்பேன்” என்றாள் பிளாரன்ஸ்.

எங்களுக்கு வகுப்பறை என்று ஒதுக்கியது பழைய வேதியியல் ஆய்வகத்தை. சுவரோரம் வறண்டுபோன தொட்டிகள், மூடிவிட்ட கேஸ் குழாய்கள். முதல் மழைக்குச் சுவரிலிருந்து அமில வாடை கிளம்பும். மேஜைகளையெல்லாம் சேர்த்துப் போட்டால் மேடை. டின்னை வெட்டி உள்ளே பல்பு மாட்டி, முன்னால் கலர்த் தாள் ஒட்டினால் விளக்கு. பழைய ஃபேன் ரெகுலேட்டர்களை ஒரு பலகையில் வரிசையாகத் திருகி வைத்திருந்தோம். அதைத் திருகினால் வெளிச்சம் கூடும், குறையும். அந்தப் பலகை என் பொறுப்பு. துறைமுகத்தில் கப்பல் ஊதினால் வசனத்தைப் பாதியில் நிறுத்தி, ஊதி முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடருவோம். எங்கள் சார் தேவபிரசாதம் அதற்கென்றே ஒரு கையை உயர்த்தி அப்படியே நிற்பார். தற்காலிக ஆசிரியர், எங்களைவிட ஏழெட்டு வயதுதான் மூத்தவர். பாடப்புத்தகம் இன்னும் அச்சாகி வராததால் அவரே எழுதி ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்பார். மத்தியானம் யாராவது மக்ரூன் பொட்டலத்தைப் பிரித்தால் அந்தத் துணுக்குகள் ஜெராக்ஸ் தாளில் ஒட்டிக்கொள்ளும். இப்போது நினைத்தால் படித்தது பாதி மறந்துவிட்டது, அந்த இனிப்புப் பிசுபிசுப்பு மறக்கவில்லை.

முதல் நாடகத்துக்கு ஆள் எடுக்கும்போதே பிளாரன்ஸுக்கு அடி விழுந்தது. அவளுக்கு வசனம் பாடமாகிவிடும், ஒரு தரம் கேட்டால் போதும். ஆனால் முகம் அசையாது. அழுகிற இடத்திலும் சிரிக்கிற இடத்திலும் ரேஷன் கடையில் வரிசையில் நிற்பவள் மாதிரியே நிற்பாள். சார் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “நீ மேடைப் பொறுப்பு எடுத்துக்கம்மா. யாரு எப்ப உள்ள போகணும், லைட்டு எப்ப மாறணும், திரை எப்ப விழணும், எல்லாம் உன் வாய்லதான் இருக்கு.”

அன்றைக்கு அவள் தொட்டியடியில் உட்கார்ந்து அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். “அஞ்சு நிமிசம் நடுவுல நிக்க விட்டா போதும்ளா, அதுக்கப்புறம் எந்த வேலையும் செய்வேன்” என்றாள். ஷீஜாவுக்கு எல்லா முக்கிய வேஷமும் கிடைத்தது. ஷீஜா நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கிப் படித்தவள். ஒல்லிக்குச்சி, ஆனால் தொண்டையைத் திறந்தால் மைக் வேண்டாம். பிளாரன்ஸ் அவளோடு ஒரு மாதம் பேசவில்லை. பிறகு எப்படியோ பேசினாள். ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிடவும் ஆரம்பித்தார்கள்.

பிளஸ் டூ செய்முறைத் தேர்வுக்கு ஒரு முழு நாடகம் போட வேண்டும். நாங்களே கதை எழுதினோம். மாலத்தீவிலிருந்து திரும்புகிற தோணி புயலில் மாட்டி, கடைசியில் கரை சேர்வதுதான் கதை. தோணியின் தலைவரைத் தண்டல் என்பார்கள். தண்டல் வேஷம் ஷீஜாவுக்கு. மையால் மீசை வரைந்தால் நிற்காது என்று மயிர் ஒட்டிய மீசை ஒன்று வாங்கினோம். மாலுமிகளாக நாலைந்து பேர். எங்கள் வகுப்பு ரெக்சன் பக்கத் திரைக்குப் பின்னால் பெரிய தகரத்தை உலுக்கினால் இடி. இனிகோ கயிற்றை விட்டால் தோணியின் பாய் இறங்கும். மேடைக்கு இடப்பக்கம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பிளாரன்ஸ் எங்கள் எல்லாருக்கும் குரல் கொடுப்பாள். அடித்தொண்டையில் அவள் “ஜெர்லின், நீலம்” என்றால் எனக்குக் கேட்கும், கூட்டத்துக்குக் கேட்காது. அந்த வித்தையை அவள் எப்படிப் பழகினாள் என்று தெரியவில்லை.

தேர்வு நாள் காலையில் ஷீஜாவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. வாயைத் திறந்தால் வெறும் காற்று. வெந்நீர், மிளகு, தேன் எல்லாம் கொடுத்துப் பார்த்தோம். மதுரையிலிருந்து தேர்வாளர் அம்மா வந்து இறங்கிவிட்டார். பெற்றோர்கள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்கள். தண்டல் வசனம் முழுசும் தெரிந்தவள் ஒருத்திதான். சார் அவளைப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம். பிளாரன்ஸ் மீசையை எடுத்து ஒட்டிக்கொண்டாள். இரண்டு வருஷமாக அவள் கேட்டது கையில் வந்து விழுந்திருந்தது.

அவள் இடத்தில் ஸ்டூலில் ஷீஜா உட்கார்ந்தாள். அவளுக்குக் குரலே இல்லை என்பதை அந்த அவசரத்தில் ஒருத்தரும் யோசிக்கவில்லை.

நாடகம் தொடங்கியது. முதல் காட்சி எப்படியோ ஓடிவிட்டது. புயல் காட்சி வந்தது. அந்தப் பக்கம் ஷீஜா வாயை அசைக்கிறாள், கையை ஆட்டுகிறாள். நடுவில் தொங்கிய பாய் மறைத்ததால், வலப்பக்கம் பலகையோடு இருந்த எனக்கு அவள் தலைகூடத் தெரியவில்லை. ரெக்சன் தகரத்தைப் பிடித்தபடி என்னைப் பார்க்கிறான். நான் அவனைப் பார்க்கிறேன். மேடையில் உச்சி வெயில் மாதிரி வெளிச்சம். நடுவில் மீசையோடு பிளாரன்ஸ்.

“மேக்க பாருங்கலே, மேகம் கறுக்குது!” என்றாள். அது எழுதிய வசனம்.

ஒன்றும் கறுக்கவில்லை. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

பிளாரன்ஸ் ஒரு கணம் நின்றாள். பிறகு நான் இருந்த பக்கம் திரும்பி, மேலே கையை நீட்டிக் கத்தினாள்: “ஏளா வானத்துக்காரி! தூங்குதியா? இருட்டைக் கொண்டா! மெதுவா... மெதுவா... இன்னும் கொஞ்சம்... போதும், நிறுத்து!”

என் கை தானாகத் திருகியது. மேடை இருண்டது. அவள் விடவில்லை. “எங்கலே இடியைக் காணோம்? கடல்ல வந்து மானங்கெட்ட அமைதி! ஒரு இடி இடிச்சித் தொலையட்டும்!” ரெக்சன் தகரத்தை உலுக்கிய உலுக்கில் முன்வரிசைக் குழந்தை ஒன்று வீறிட்டது. “பாயை இறக்கு! இனிகோ, கயித்தை விடு!” இதில் மட்டும் நிஜப் பெயரே வாயில் வந்துவிட்டது. தோணியில் ஒரு இனிகோ இருந்தால் என்ன, இந்த ஊர்த் தோணிதானே; யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

புயல் அடித்தது, ஓய்ந்தது, விடிந்தது. எல்லாவற்றையும் அவளே நடுவில் நின்று வரவழைத்தாள். ஆனால் கடைசியில் தண்டல் தன் மனைவியை நினைத்துப் பேசுகிற நீண்ட வசனம் ஒன்று உண்டு. ஷீஜா பேசினால் எங்களுக்கே கண் கலங்கும். பிளாரன்ஸ் அதைச் சுத்தமாக மறந்துபோனாள். பாதி மீசை தொங்க, “சரி, கரை வந்துட்டு, எல்லாரும் எறங்குங்க” என்று முடித்துவிட்டாள். கூட்டம் சிரித்த சிரிப்பில் ஓடு பறந்துவிடும்போல இருந்தது. அதற்குப் பிறகு கைதட்டினார்கள். நிறுத்தாமல் தட்டினார்கள்.

தேர்வாளர் அம்மா அவளைத் தனியாகக் கூப்பிட்டார். நான் ஒயரைச் சுற்றுகிற மாதிரி பக்கத்திலேயே நின்றேன்.

“உன் பேரு மேடைப் பொறுப்புல இருக்கு. ஆனா நடிச்சிருக்க. எதுக்கு மார்க் போடட்டும்? நீ சொல்றதைப் போடுறேன்.”

நடிப்புக்கு என்றுதான் சொல்வாள் என்று நினைத்தேன். பிளாரன்ஸ் தொங்கிய மீசையைப் பிய்த்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

“மேடைப் பொறுப்புக்கே போடுங்க மேடம்” என்றாள்.

வீட்டுக்குப் போகிற வழியில் ஏன் என்று கேட்டேன். “எல்லாரும் என்னையத்தான் பாத்தாவ. எனக்கு அது தெரியவே இல்லளா. நீ லைட்டை எறக்குனது, அவன் தகரத்தை அடிச்சது, அதுதான் உள்ளுக்குள்ள ஜில்லுன்னு இருந்துச்சு” என்றாள்.

அடுத்த மாதம் அவள் அப்பா கரைக்கு வந்தார். கதை அவருக்கு முன்னாலேயே தோணிக்காரர்களுக்குள் பரவியிருந்தது. “எங்க தண்டலுக்குச் சத்தம் பத்தலியாம், உன் மவள அனுப்புன்னு சொல்லுதானுவ” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அமலோற்பவம் அம்மாவும் சிரித்தார், கொஞ்சம்.

நாடக குரூப் எங்களுக்குப் பின் ஒரு வருஷத்தோடு நின்றுபோனது. சேர ஆள் இல்லை என்றார்கள். ஆய்வகம் மறுபடியும் ஆய்வகம் ஆனது. சார் வேறு ஊருக்குப் போய்விட்டார். கல்லூரிகளில் எங்கள் சான்றிதழைப் புரட்டிப் பார்த்து, இது என்ன படிப்பு என்று கேட்டார்கள். நான் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு ஒரு ஷிப்பிங் ஆபீசில் சேர்ந்தேன். பிளாரன்ஸ் ஜவுளிக்கடையில் சேலை மடித்துப் போட்டாள். மூன்று நாலு வருஷம் அப்படியே போனது. எப்போதாவது பீச் ரோட்டில் பார்த்தால் கால் வீக்கத்தைக் காட்டுவாள். “அம்மா சொன்ன மாதிரி உக்காரவே இல்ல பாரு” என்பாள். சிரிப்பாகத்தான் சொல்வாள்.

ஒரு வருஷம் அவள் பங்குக்கோயிலில் இயேசு பட்ட பாடுகளின் நாடகம் போட்டார்கள். ஒத்திகையில் ஒரே குழப்பம். பரபாஸ் வர வேண்டிய நேரத்தில் வெரோணிக்கா வந்து நிற்கிறாள். பாட்டுக்குழுவோடு வந்திருந்த பிளாரன்ஸ் பொறுக்க முடியாமல் எழுந்து போய் ஒவ்வொருவரையும் தோளைப் பிடித்து இடத்தில் நிறுத்தினாள். அன்று மாலை நாடகம் தண்ணீர் மாதிரி ஓடியது. மேடையும் மைக்செட்டும் வாடகைக்குக் கொடுக்கிற செந்தூர்பாண்டி அண்ணாச்சி அங்கே இருந்தார். பாஞ்சாலங்குறிச்சிப் பக்கத்துக்காரர், பேச்சில் சுற்றி வளைக்க மாட்டார்.

“எம்மா, ஜவுளிக்கடையில என்னத்த செய்யுத? நம்மகிட்ட வா. பயலுவள மேய்க்க ஆள் இல்ல.”

பயல்கள் மேய மறுத்தார்கள். லைட் பார்க்கிற சுடலைக்கண்ணன் அண்ணன், “ஒரு பொம்பளப்புள்ள சொல்லி நான் சுவிட்சைப் போடணுமா?” என்று நேராகவே கேட்டார். பிளாரன்ஸ் சண்டை போடவில்லை. அவர் லைட் டவரில் ஏறும்போது கீழே நின்று கயிற்றைப் பிடித்தாள். அவர் இறங்கும்வரை விடமாட்டாள். மாதக்கணக்கில் இப்படியே போனது.

பிறகு ஓர் ஆடி மாதம், தருவைகுளத்தில் ஒரு விழா. கடலோரத்தில் மேடை. பிள்ளைகள் நடனமாடிக்கொண்டிருந்தார்கள். கச்சான் காற்று திடீரென்று ஏறியது. பிளாரன்ஸ் பாட்டை நிறுத்தச் சொல்லி, பிள்ளைகளை மேடையிலிருந்து இறக்கினாள். விழாக்காரர்கள் கத்தினார்கள், பெற்றோர்கள் கத்தினார்கள். சுடலைக்கண்ணன் அவள் முகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு மெயின் சுவிட்சை இறக்கினார். கொஞ்ச நேரத்தில் ஒரு லைட் டவர் சாய்ந்து, நடனம் நடந்த இடத்திலேயே விழுந்தது. ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்லை.

கத்தியவர்களில் ஒருத்தர் வந்து அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாராம். சுடலைக்கண்ணன் மறுநாளிலிருந்து, “அடுத்து என்ன தாயி?” என்று கேட்க ஆரம்பித்தார். இன்றைக்கும் அப்படித்தான் கேட்கிறார். குலசேகரன்பட்டினத்தில் தசராக் கலைநிகழ்ச்சி மேடையே இப்போது அவர்கள் இரண்டு பேர் பொறுப்பில் நடக்கிறது. அண்ணாச்சிக்கு வயதாகிவிட்டது. வேனையும் ஆட்களையும் பிளாரன்ஸிடம் விட்டுவிட்டு, சாயந்தரம் வந்து டீ மட்டும் குடித்துவிட்டுப் போகிறார். அவள் கல்யாணம் செய்துகொண்டாள், ஒரு மகள் இருக்கிறாள். ஷீஜா உள்ளூர் எஃப்.எம்.மில் அறிவிப்பாளர்.

போன மாதம் என் மகன் படிக்கிற பள்ளியில் ஆண்டுவிழா. அவனுக்கு மரமாக நிற்கிற வேஷம். வேஷம் கட்டிவிட்டு வெளியே வர வழி தெரியாமல் பக்கத் திரைக்குள் போய்விட்டேன். அங்கே பிளாஸ்டிக் நாற்காலியில் பிளாரன்ஸ். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தாள். ஹெட்செட்டில் யாருக்கோ ஏதோ முணுமுணுத்தாள். மேடையில் பச்சை வெளிச்சம் பரவியது. பிள்ளைகள் ஆட ஆரம்பித்தார்கள். கூட்டம் ஆரவாரம் செய்தது. அவள் இருட்டுக்குள் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்கு அந்த ஆய்வகமும் எங்கள் எல்லாருடைய பதினாறு வயதும் மொத்தமாகக் கண் முன்னால் வந்து நின்றன. கூப்பிட வாயெடுத்தேன்.

அவளே திரும்பிப் பார்த்துவிட்டாள். பேசாதே என்று உதட்டில் விரலை வைத்தாள். பிறகு கொஞ்சம் நகர்ந்து, நாற்காலியில் பாதி இடத்தை எனக்கு விட்டாள்.